கதிர் பொறுக்கும் பெண்கள்: ஒரு நிலக்காட்சி ஓவியத்தைப் பார்ப்பது எப்படி

அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயல். முன்னால் மூன்று பெண்கள். இருவர் இடுப்பை மடித்துக் குனிந்து, அரிதாளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குகிறார்கள். மூன்றாமவர் பாதி நிமிர்ந்த நிலையில், கையில் சேர்ந்ததைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அவர்களுக்குப் பின்னால், வெகு தூரத்தில், மலைபோல் கதிர்ப்போர்கள், கட்டுகள் ஏற்றப்படும் ஒரு வண்டி, ஒரு கூட்டம் ஆட்கள். வலது ஓரத்தில் குதிரைமேல் ஒருவர். இவ்வளவுதான் படம்.

வரைந்தவர் ழான் பிரான்சுவா மிலே. ஆண்டு 1857. சுமார் 83 சென்டிமீட்டர் உயரமும் 110 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட எண்ணெய் வண்ண ஓவியம். இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலண்டர், பாடப்புத்தகம், கடைச் சுவர் என்று எங்காவது இதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்புண்டு.

19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கிராமப்புற நிலக்காட்சி ஓவியங்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். "இதில் ஆட்கள்தானே பெரிதாக இருக்கிறார்கள், இது எப்படி நிலக்காட்சி ஆகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் படத்திலிருந்து நிலத்தை எடுத்துவிட்டால் மூன்று பேர் குனிந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எதுவும் மிஞ்சாது. விளைச்சல் எங்கே இருக்கிறது, இந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள், இடையில் எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் மிலே எல்லாவற்றையும் சொல்கிறார். நிலக்காட்சி ஓவியத்தில் தூரமே பொருளைச் சொல்லிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது.

உதிர்ந்த கதிர் யாருக்குச் சேரும்?

படத்துக்குள் போகும் முன் இந்தப் பெண்கள் செய்யும் வேலை என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் அறுவடைக் கூலிகள் அல்ல. அந்த வயலில் இவர்களுக்கு வேலையே கிடையாது. அறுத்துக் கட்டி வண்டியில் ஏற்றும்போது கீழே உதிர்ந்துபோகும் கதிர்களை ஊரில் உள்ள ஏழைகள் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது பிரான்சில் பல நூற்றாண்டு பழைய வழக்கம். அதன் வேர் பைபிள் வரை போகிறது: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம். மாமியாரைக் காப்பாற்றக் கதிர் பொறுக்கப் போன ரூத்தின் கதையும் இதே வழக்கத்தில் பிறந்ததுதான். மிலே அந்தக் கதையை நன்றாக அறிந்தவர். 1853-இல் அவர் காட்சிக்கு வைத்த இன்னொரு பெரிய ஓவியத்தை ரூத்தையும், அவள் கதிர் பொறுக்கிய வயலின் சொந்தக்காரரான போவாசையும் மனத்தில் வைத்துத்தான் தொடங்கினார்.

வழக்கம் என்றால் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 1554-இல் அரசர் இரண்டாம் ஹென்றி காலத்து ஆணை ஒன்று, அறுவடை வேலைக்குப் போக முடியாத முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், சிறுவர்கள் போன்றவர்களுக்கே இந்த உரிமை என்று வரையறுத்தது. விளைச்சல் முழுவதும் வயலைவிட்டுப் போன பிறகுதான் உள்ளே இறங்கலாம். சூரியன் உதிப்பதற்கு முன்போ, மறைந்த பின்போ பொறுக்கக் கூடாது. 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இந்த விதிகளை மீறுகிறவர்களுக்கு அபராதம் வைத்தது. அதாவது இது தர்மமும் அல்ல, திருட்டும் அல்ல. சட்டம் அனுமதித்த, ஆனால் கண்காணிக்கப்பட்ட ஒரு சிறு உரிமை.

இப்போது வலது ஓரத்தில் குதிரைமேல் இருப்பவரை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அவர் பண்ணையின் காரியஸ்தர் என்று சொல்கிறார்கள். கூலிகள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்பதோடு, பொறுக்க வந்தவர்கள் எல்லை மீறாமல் இருக்கிறார்களா என்பதையும் பார்ப்பது அவர் வேலை. படத்தில் அவர் விரல்நுனி அளவுதான் இருக்கிறார். முதல் பார்வையில் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அவர் இல்லாமல் அந்த வயலைப் பார்க்க முடியாது.

அடிவானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சரி, இனி படம். நிலக்காட்சி எதுவாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது அடிவானக் கோட்டைத்தான். நிலமும் வானமும் சேரும் அந்தக் கோடு கீழே இருந்தால் வானத்துக்கு இடம் அதிகம். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யாக்கோப் வான் ரைஸ்டால் ஹார்லெம் நகரை வரைந்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கு மேகம்தான். பார்க்கிறவருக்கு மூச்சு விரியும். கோடு மேலே ஏறினால் நிலம் பெரிதாகும், வானம் ஒடுங்கும்.

மிலே கோட்டை மேலே ஏற்றிவிட்டார். படத்தின் உயரத்தில் ஏறக்குறைய மேல் மூன்றில் ஒரு பங்கோடு வானம் முடிந்துவிடுகிறது. மீதி முழுக்கத் தரை, அறுத்த தாள் குத்தி நிற்கும் வெறும் தரை. குனிந்திருக்கும் இரண்டு பெண்களும் முழுக்க அந்தத் தரைக்குள்ளேயே அடங்கியிருக்கிறார்கள். அவர்களின் முதுகுக்குப் பின்னால் வானம் இல்லை, வயல்தான். பாதி நிமிர்ந்த மூன்றாமவரும் வானத்துக்குள் எழுந்து நிற்கவில்லை.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சமவெளியில் அடிவானம் எப்போதும் பார்க்கிறவரின் கண் மட்டத்தில்தான் தெரியும். கடற்கரையில் உட்கார்ந்தால் அடிவானமும் உங்களோடு இறங்கும், எழுந்தால் அதுவும் எழும். ஆகவே ஓவியர் அடிவானத்தை எங்கே போடுகிறாரோ அங்கே நம் கண்ணையும் வைத்துவிடுகிறார். இந்தப் படத்தில் கண் மட்டம் குனிந்த தலைகளுக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் நாம் அந்த வயலில் நிமிர்ந்து நிற்கிறோம், அவர்கள் குனிந்திருக்கிறார்கள். மிலே இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா என்று கேட்டால், இந்த அமைப்பை அவர் சும்மா அடைந்துவிடவில்லை என்றாவது சொல்லலாம். 1853-இலேயே பருவங்கள் வரிசையில் ஒன்றாக, இதே காட்சியை நெடுக்குவாட்டில் வரைந்திருக்கிறார். பிறகு செப்புத்தகட்டில் பொறித்து அச்சு எடுத்துப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் படத்தை அகலவாக்கில் மாற்றினார். நெடுக்குப் படத்தில் வானத்துக்கு இடம் கிடைக்கும். அகலவாக்கில் தரை நீண்டுகொண்டே போகும். அவருக்கு வேண்டியிருந்தது தரை.

நடுவில் யாரும் இல்லை

பழைய நிலக்காட்சி ஓவியங்களில் கண் படிப்படியாக உள்ளே போகும். முன்னால் ஒரு மரம், கொஞ்சம் தள்ளி ஒரு பாலம், அதற்கப்பால் ஒரு கோபுரம், கடைசியில் நீல மலை என்று ஓவியர் நம் கையைப் பிடித்து அழைத்துப்போவார். மிலே அப்படிச் செய்யவில்லை. முன்னால் பெரிதாக மூன்று பேர். அடுத்தது நேராக வெகு தூரத்துக் கூட்டம். நடுவில் ஆளில்லாத காலி வயல். உருவங்களின் அளவு சட்டென்று சுருங்குவதால் அந்தத் தூரம் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தோன்றுகிறது.

தூரத்தில் நடப்பதைச் சற்று நேரம் பாருங்கள். போர்கள் வரிசையாக நிற்கின்றன. வண்டி நிறைய ஏற்றியாகிவிட்டது, இன்னும் ஏற்றுகிறார்கள். அத்தனை பேர் சேர்ந்து வேலை செய்யும் பரபரப்பு அங்கே இருக்கிறது. பாரிஸுக்குத் தானியம் அனுப்பிய பெரிய பண்ணைகளின் சமவெளி அது. நல்ல விளைச்சல். இங்கே முன்னால் மூன்று பேர் கையில் சில கைப்பிடிக் கதிர்கள்தான் சேர்ந்திருக்கின்றன. வறுமையைக் காட்ட மிலே காய்ந்துபோன நிலத்தை வரையவில்லை. நிறைந்த விளைச்சலை வரைந்து, அதை இவர்களுக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். இந்தப் படத்தின் வலு முழுக்க இந்த ஒரு முடிவில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வெளிச்சமும் அப்படியே பிரிந்திருக்கிறது. சாயங்கால வெயில் பின்னால் உள்ள போர்களின்மேல் பொன்போல் விழுந்து, அந்தப் பக்கம் எல்லாம் மினுங்குகிறது. முன்பகுதி அடங்கிய பழுப்பில் இருக்கிறது. சாய்வாக வரும் வெளிச்சம் பெண்களின் தோளிலும் முதுகிலும் பிடரியிலும் கையிலும் பட்டு நிற்கிறது, முகத்தில் படவில்லை. யாருடைய முகத்தையும் நீங்கள் தெளிவாகப் பார்க்க முடியாது. தலைத்துணிகள்தான் ஆளை அடையாளம் காட்டுகின்றன: ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, ஒன்று மங்கிய மஞ்சள். இந்த மூன்று நிறங்கள் இல்லாவிட்டால் பெண்கள் மண்ணோடு கலந்துவிடுவார்கள்.

கைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். இடது ஓரத்துப் பெண் ஒரு கையால் தரையைத் தடவுகிறார், மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார். அந்தப் பின்கையில்தான் இதுவரை பொறுக்கிய கதிர்கள் இருக்கின்றன. முன்னால் பிடித்தால் குனியும்போது தரையில் இடிக்கும், தாள் உதிரும். பல மணி நேரம் குனிந்து வேலை செய்த உடல் தானாகக் கண்டுபிடிக்கும் வழி அது. பாரிஸ் ஸ்டூடியோவில் மாடலை நிற்க வைத்து வரைகிறவருக்கு இது தோன்றியிருக்காது. மூன்று பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று புரியும்: ஒருவர் குனிந்து தேடுகிறார், ஒருவர் எடுக்கிறார், ஒருவர் நிமிரப் பார்க்கிறார். ஒரே வேலையின் மூன்று கட்டங்கள். மூன்றாமவர் இன்னும் சிறிது நேரத்தில் மறுபடி குனிவார் என்று நமக்குத் தெரிகிறது.

நிலம் ஏன் அதுவரை பின்னால் நின்றது

இப்படி ஒரு வயலை வரைவது அந்தக் காலத்தில் ஏன் ஒரு விஷயமாக இருந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டிலிருந்து பிரெஞ்சுக் கலை அகாதமி ஓவிய வகைகளை ஏணிப்படியில் வைத்திருந்தது. மேல்படியில் புராண, பைபிள், வரலாற்றுக் காட்சிகள். அடுத்து உருவப்படம். பிறகு அன்றாட வாழ்க்கைக் காட்சிகள். நிலக்காட்சி அதற்கும் கீழே. பழங்களையும் பாத்திரங்களையும் வரைவது கடைசி. மனிதரின் பெருஞ்செயலைக் காட்டும் படம்தான் உயர்ந்தது, மரத்தையும் குளத்தையும் வரைவதற்குப் பெரிய அறிவு வேண்டாம் என்பது அந்த ஏணியின் நியாயம். நிலம் அங்கே நாடக மேடையின் பின்திரை மாதிரி. முன்னால் ஒரு கிரேக்க தேவதையோ ரோமானிய வீரனோ வந்து நின்றால்தான் அதற்கு மதிப்பு.

1817-இல் ஒரு சலுகை வந்தது. "வரலாற்று நிலக்காட்சி" என்ற பிரிவுக்கு ரோம் பரிசு அறிவிக்கப்பட்டது. வென்றவர் அரசு செலவில் இத்தாலிக்குப் போகலாம். ஆனால் அதிலும் இத்தாலிய ஒளியும் பழங்கோயில் இடிபாடும் புராணப் பாத்திரமும் எதிர்பார்க்கப்பட்டன. தன் ஊர்ப்பக்கத்து வயலை அப்படியே வரைந்தால் பரிசு கிடைக்காது.

அதை உலுக்கியதில் ஓர் ஆங்கிலேயருக்குப் பங்கு உண்டு. 1824-இல் ஜான் கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டி ஓவியம் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனுக்கு வந்தது. ஆற்றைக் கடக்கும் ஒரு காலி வண்டி, ஒரு வீடு, ஒரு நாய், ஈரமான வானம். புராணம் எதுவும் இல்லை. அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பாரிஸின் இளம் ஓவியர்கள் பலர் அதைப் பார்த்து உற்சாகமானார்கள்.

அந்தத் தலைமுறைதான் பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, ஃபோன்டேன்ப்ளோ காட்டின் ஓரத்தில் இருந்த பார்பிசோன் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது. கான் என்ற குடும்பம் நடத்திய சத்திரத்தில் தங்கி, பகலில் காட்டுக்குப் போய் வரைந்தார்கள். தியோடர் ரூசோ, நார்சிஸ் தியாஸ், ழூல் துப்ரே ஆகியோர் இந்த வட்டத்தில் முக்கியமானவர்கள். காமிய் கோரோவும் தோபிஞியும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் இவர்களை "பார்பிசோன் குழு" என்று அழைத்தார்கள். உறுப்பினர் பட்டியலோ கொள்கை அறிக்கையோ வைத்துக்கொண்ட சங்கம் இல்லை அது. ஒரே காட்டை நேசித்தவர்களின் பழக்கம், அவ்வளவுதான்.

இரண்டு நடைமுறை விஷயங்கள் இவர்களுக்குக் கை கொடுத்தன. முன்பெல்லாம் குழைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். ஒருமுறை ஓட்டை போட்டால் காயத் தொடங்கிவிடும். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், மூடி போட்ட உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகலாம் என்றானது. 1849-இல் பாரிஸிலிருந்து அந்தப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது.

ரூசோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1836-இல் அவர் சலோனுக்கு அனுப்பிய பெரிய ஓவியத்தை நடுவர் குழு ஏற்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மறுப்புதான். "மாபெரும் நிராகரிக்கப்பட்டவர்" என்றே பெயர் வந்துவிட்டது. அவர் ஓக் மரங்களை மனிதர்களின் உருவப்படம் வரைகிற கவனத்தோடு வரைந்தார். அந்த மரங்களை வெட்டாதீர்கள் என்று அரசிடம் முறையிடவும் செய்தார். ஓவியர்கள் தொடர்ந்து கேட்டதன் விளைவாக 1861-இல் ஃபோன்டேன்ப்ளோ காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர், கலை சார்ந்த ஒதுக்கீடு என்ற பெயரில் ஆணை போட்டுக் காக்கப்பட்டது. படம் வரைகிறவர்கள் கேட்டு ஒரு காடு பிழைத்தது. இயற்கைக் காப்பு பற்றிப் பேசும்போது இந்த ஆண்டு இன்னும் அதிகம் நினைவுகூரப்பட வேண்டும்.

மிலே வேறு மாதிரி வந்தவர்

மிலே 1814-இல் நார்மாண்டிக் கடற்கரையை ஒட்டிய க்ரூஷி என்ற சிறு குடியிருப்பில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளவயதில் வயல் வேலை செய்தவர். பிறகு ஷெர்பூர் நகரில் படம் வரையக் கற்று, உதவித்தொகையில் பாரிஸுக்குப் போய், வரலாற்று ஓவியங்களுக்குப் பேர்போன போல் தெலாரோஷிடம் படித்தார். பல ஆண்டுகள் உருவப்படம் வரைந்தும், விற்கிற மாதிரி எதையாவது வரைந்தும் பிழைப்பை ஓட்டினார். 1849-இல் பாரிஸில் காலரா பரவியபோது குடும்பத்தோடு பார்பிசோனுக்கு வந்தார். சில நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர், 1875-இல் சாகும்வரை அங்கேயே இருந்துவிட்டார். ஒன்பது குழந்தைகள். கடன் எப்போதும் இருந்தது.

மற்றவர்கள் காட்டுக்குள் போனபோது மிலே ஊரின் மறுபக்கம் திரும்பினார். பார்பிசோனின் ஒரு பக்கம் காடு என்றால் மறுபக்கம் ஷாய் சமவெளி, மரமே இல்லாத தட்டையான உழவு நிலம். அழகு தேடி வருகிறவர் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். மிலே பார்த்தது அதைத்தான். வயலில் குறிப்பெடுப்பார், ஆனால் ஓவியத்தைக் களஞ்சியத்திலிருந்து மாற்றிய தன் அறையில் நினைவிலிருந்து தீட்டுவார். அதனால்தான் அவர் உருவங்களில் சில்லறை விவரங்கள் உதிர்ந்துபோய், முக்கியமான வளைவுகள் மட்டும் மிஞ்சுகின்றன. உடையில் பூவேலையோ பொத்தானோ தேடிப் பாருங்கள், கிடைக்காது. கற்சிலைக்கு இருக்கும் கனம் அந்த உருவங்களுக்கு வந்தது அப்படித்தான்.

பாரிஸ் ஏன் முகம் சுளித்தது

1857-இல் சலோனில் இந்தப் படம் தொங்கியபோது பலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு விமர்சகர், இந்த மூன்று பெண்களுக்குப் பின்னால் கலகக்காரர்களின் ஈட்டிகளும், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793-இன் கொலைமேடைகளும் தெரிகின்றன என்ற பொருளில் எழுதினார். இன்னொருவர் இவர்களை வறுமையின் மூன்று விதித்தேவதைகள் என்றார். இன்று படத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அமைதியாகக் கதிர் பொறுக்கும் பெண்களைப் பார்த்து என்ன பயம்?

அந்தப் பத்தாண்டுகளை நினைத்துப் பார்த்தால் புரியும். 1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்து மன்னராட்சி விழுந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. மக்கள்தொகையின் பெரும்பகுதி கிராமங்களில் இருந்த நாட்டில், அதுவரை யாரும் கணக்கில் எடுக்காத குடியானவர் ஒரே நாளில் நாட்டின் தலைவிதியை முடிவு செய்கிறவரானார். 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தபோது பல கிராமப்புறங்களில் எதிர்ப்புக் கிளர்ச்சிகள் நடந்தன. ஆகவே பாரிஸ் நடுத்தர வர்க்கத்துக்கு ஓவியத்தில் வரும் குடியானவர் வெறும் அழகுப் பொருளாக இருப்பது நின்றுபோயிருந்தது.

போதாக்குறைக்கு, மிலே இந்தப் பெண்களுக்குக் கொடுத்த கனம். கதிர் பொறுக்குகிறவர்களை ஓரத்தில் சின்னதாக வரைந்திருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏணியின் மேல்படியில் இருக்கும் தேவர்களுக்கும் வீரர்களுக்கும் உரிய முன்னிடத்தையும் கம்பீரத்தையும் அவர் எடுத்து இவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நாடாளும் அரசிக்கு உரிய இடத்தில் கதிர் பொறுக்கும் ஏழை நிற்கிறார். கலகம் அதுதான்.

மிலே தன்னைச் சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர் அல்ல. அந்தப் பட்டத்தை அவர் மறுத்தார். அவர் மனம் பைபிளிலும் ரோமானியக் கவிஞர் வர்ஜிலிலும் ஊறியது. உழைப்பு மனிதருக்கு விதிக்கப்பட்டது என்ற பழைய எண்ணம் அவருக்கு இருந்தது. அதை நாம் மதிக்கலாம். ஆனாலும் குதிரைமேல் இருப்பவரை வரைந்தது அவர்தான், போர்களை அவ்வளவு தூரத்தில் வைத்ததும் அவர்தான். வரைந்தவர் எதை மறுத்தாலும் படத்தில் இருப்பது இருக்கத்தான் செய்யும்.

அதே வயல், நிமிர்ந்த பெண்கள்

இந்தப் படத்தைப் புரிந்துகொள்ளச் சுலபமான வழி, இதே பொருளில் வந்த இன்னொரு ஓவியத்தைப் பக்கத்தில் வைப்பது. நல்லவேளையாக இரண்டுமே ஓர்சேயில்தான் இருக்கின்றன.

ழூல் ப்ரெதோன் வட பிரான்சின் கூரியேர் ஊர்க்காரர். 1859 சலோனில் அவர் வைத்தது, கதிர் பொறுக்குகிறவர்களை வீட்டுக்குத் திரும்ப அழைக்கும் காட்சி. சூரியன் இறங்கிவிட்டது, வானத்தில் மெல்லிய பிறை. இடது பக்கம் ஊர்க்காவலர் ஒருவர் வாயருகே கையைக் குவித்துக் குரல் கொடுக்கிறார். சூரியன் மறைந்த பின் பொறுக்கக் கூடாது என்ற விதி நினைவிருக்கிறதா? அவர் அழைப்பது அதற்காகத்தான். பெண்கள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். தலையிலும் தோளிலும் நல்ல கனமான கட்டுகள். நடுவில் இருப்பவர்கள் நிமிர்ந்து, கிரேக்கக் கோயில் தூண்களில் செதுக்கிய பெண்களைப் போல நடந்துவருகிறார்கள். கால் வெறுங்கால்தான், உடை கிழிசல்தான், ஆனால் நடையில் ஒரு நிறைவு.

அந்தப் படம் எல்லோருக்கும் பிடித்தது. பேரரசி யூஜெனி ரசித்தார், அவர் கணவர் மூன்றாம் நெப்போலியன் (1851-இல் ஆட்சியைப் பிடித்த அதே லூயி நெப்போலியன்) வாங்கினார். ப்ரெதோன் மோசமான ஓவியர் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அந்திவெளிச்சம் உண்மையிலேயே அழகு. அவரும் அந்த மக்களை நேசித்தவர்தான். ஆனால் வேறுபாடு எங்கே என்று பாருங்கள். அங்கே வேலை முடிந்துவிட்டது, இங்கே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே தலைகள் வானத்தில் எழுந்து நிற்கின்றன, இங்கே எல்லோரும் தரைக்குள் அடங்கியிருக்கிறார்கள். அங்கே கைநிறையக் கட்டு, இங்கே ஒரு பிடி. முக்கியமாக, அங்கே பெரிய விளைச்சலை யார் கொண்டுபோனார்கள் என்பது படத்தில் இல்லை. அடிவானத்தை எங்கே போடுவது, எந்த நேரத்தைப் பிடிப்பது, தூரத்தில் எதை வைப்பது என்ற மூன்று முடிவுகளில் ஒரே சட்டமும் ஒரே வேலையும் இரண்டு வேறு உலகங்களாகிவிட்டன.

படத்தின் விலை

மிலே இந்தப் படத்தை 3,000 பிராங்குக்கு விற்றார். அவர் கேட்டதைவிடக் குறைவு. 1889-இல், அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ரைம்ஸ் நகரில் ஷாம்பெயின் தொழில் நடத்திய பொம்மரி அம்மையார் இதை 3,00,000 பிராங்குக்கு வாங்கினார். நூறு மடங்கு. அடுத்த ஆண்டு அவர் மறைந்தபோது உயில்படி படம் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனது, பின்னாளில் அங்கிருந்து ஓர்சேக்கு வந்தது. அதே 1889-இல் மிலேயின் இன்னொரு புகழ்பெற்ற படமான மாலைப் பிரார்த்தனை 5,53,000 பிராங்குக்கு ஏலம் போனது. அந்தத் தொகையில் ஓவியரின் குடும்பத்துக்கு ஒரு பைசாகூடச் சேரவில்லை. படம் பொது ஏலத்தில் விற்கப்படும்போதெல்லாம் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு சேர வேண்டும் என்ற சட்டத்தைப் பிரான்ஸ் 1920-இல் கொண்டுவந்தது. அதற்கான வாதங்களில் மிலே குடும்பத்தின் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

அடுத்து என்ன பார்க்கலாம்

அடிவானம் எங்கே, வெளிச்சம் யார்மேல், விளைச்சல் எவ்வளவு தூரத்தில் என்ற கேள்விகளை இனி வேறு படங்களிடமும் கேட்டுப் பாருங்கள். ரோசா போனர் 1849-இல் வரைந்த நிவெர்னே உழவு ஓவியத்தில் தொடங்கலாம். அங்கே வெள்ளையும் செம்பழுப்புமான மாடுகள் வரிசையாக ஏர் இழுக்கின்றன. உழவர்கள் மாடுகளுக்குப் பின்னால் பாதி மறைந்துபோகிறார்கள். புரட்டிப்போட்ட ஈரமண் முன்னால் வந்து நிற்கிறது. அந்தப் படத்தில் யார் முக்கியம் என்பதை அளவே சொல்லிவிடும்.

தோபிஞியின் ஆற்றுக் காட்சிகளை அப்புறம் பாருங்கள். மிலே கதிர் பொறுக்குகிறவர்களைக் காட்சிக்கு வைத்த அதே 1857-இல் தோபிஞி ஒரு படகை வாங்கி அதையே ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டு, வாஸ் ஆற்றில் மிதந்தபடி வரைய ஆரம்பித்தார். கண் மட்டம் தண்ணீருக்கு இறங்கியதும் கரை எப்படி மாறுகிறது என்று அவற்றில் தெரியும். 1860-களில் மோனே, ரெனுவார், சிஸ்லி போன்ற இளைஞர்கள் இதே ஷாய் கிராமத்துக்கும் காட்டுக்கும் வந்து வரைந்ததற்கு இந்த மூத்தவர்கள் போட்ட பாதைதான் காரணம்.

கடைசியாக வான்கோ. 1889-90-இல் செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, மிலேயின் வயல் வேலைக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளிலிருந்து எடுத்து, நிறங்களைத் தானே யோசித்துத் திரும்ப வரைந்தார். அறுப்பவர், கட்டுபவர், விதைப்பவர், முதலடி வைக்கும் குழந்தை என்று இருபதுக்கும் மேல். மிலேயின் பழுப்பு அங்கே கொழுந்து மஞ்சளாகவும் நீலமாகவும் மாறிவிடுகிறது, ஆனால் குனிந்த முதுகின் வளைவை மட்டும் வான்கோ மாற்றவே இல்லை. மிலேயின் படத்தையும் வான்கோவின் பிரதியையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வளைவை நீங்களே விரலால் தொடரலாம்.